மூன்றரை மணிக்கு வந்த கேப்டன்

முதலில் என் அசட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன்; அப்புறம்தான் மற்றவர்களைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சமாவது யோக்கியதை வரும். எங்கள் வீட்டுக் கூடத்தில், டெலிவிஷனுக்குப் பக்கத்தில், இரண்டு காதுகள் வைத்த கோப்பை ஒன்று இருக்கிறது. அது வெள்ளி என்று வெகு காலம் நம்பிக்கொண்டிருந்தேன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியும் வந்தேன். ஒரு தீபாவளிக்கு முன்னால், பாலீஷ் போட்டு வைக்கலாம் என்று அதைத் துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியிலிருந்து இறக்காமல் காவல் காத்து, கரோல் பாகில் ஒரு நகைக்கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஓரத்தில் லேசாகக் கீறிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "பாபுஜி, இது பித்தளைகூட இல்லையே" என்று இந்தியில், துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார். திரும்பி வரும்போதும் துண்டில் சுற்றித்தான் கொண்டுவந்தேன், யாராவது பார்த்துவிட்டால்? அன்றிலிருந்து என் மனைவி அதில் சாவிகளைப் போட்டு வைத்து வந்தாள். அந்தக் கோப்பைக்காக நான் என்ன செய்தேன் என்பதை அவளிடம்கூடப் போன வருடம்தான் சொன்னேன்.

எழுபதுகளின் கடைசி வருடங்கள் அவை. லோதி ரோடில் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் நான் எல்.டி.சி., அதாவது குமாஸ்தாக்களில் கடைசி வரிசை. லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இன்னும் இரண்டு பிரம்மச்சாரிகளோடு ஓர் அறையில் குடியிருந்தேன். கால்பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது உருண்டையாக இருக்கும் என்பது மட்டும்தான். கோல் கம்பத்துக்கு நடுவில் ஒரு பையனை நிறுத்தி வைப்பது ஏதோ தண்டனை என்று நினைத்திருந்தேன். ஒரு குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமை, வெயில் காயவும் வேர்க்கடலை தின்னவும் மைதானத்து ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். பந்து நேராக என் மூக்கில் வந்து விழுந்தது. ரத்தம். பையன்கள் எல்லாரும் "சிஸ்டர் ஆன்ட்டி! சிஸ்டர் ஆன்ட்டி!" என்று கத்தினார்கள். வெள்ளை யூனிஃபார்முக்கு மேல் சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்ட ஓர் அம்மாள் சாவதானமாக நடந்து வந்தார். என் தலையை முன்னால் குனிய வைத்து, மூக்கை இறுக்கிப் பிடித்தார். பிடித்த பிடியை விடாமலேயே விசாரணையை ஆரம்பித்தார்.

"எங்க வேலை பாக்கிய தம்பி?"

சொன்னேன். மூக்கால்தான் சொல்ல முடிந்தது.

"டைப் அடிக்கத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"சரி. அப்ப நீங்கதான் செக்ரட்டரி."

இப்படித்தான் ஒரு கால்பந்து கிளப்புக்கு நான் செயலாளரானேன். என் வாழ்க்கையில் பரீட்சை எழுதாமல் கிடைத்த ஒரே பதவி அது.

சிஸ்டர் பாளையங்கோட்டைக்காரர். ஒரு பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவர் ராணுவத்தில் இருந்தார். எப்போதும் ஏதாவது ஓர் எல்லையில்தான் இருப்பார். பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன்கள் படிக்கட்டுகளில் உட்கார்ந்து ஒருவரையொருவர் அடித்துக்கொள்வதைப் பார்த்து, அடித்துக்கொள்வதற்குப் பதிலாக ஒரு பந்தை உதைக்கட்டுமே என்று அந்த கிளப்பைத் தொடங்கியவர் அவர். ஆட்ட நுணுக்கம் அவருக்கும் தெரியாது. ஆனால் பையன்களைத் தெரியும். எவனுக்குக் காலையில் சாப்பாடு கிடைக்கவில்லை, எவனுக்கு உள்ளுக்குள் ஜுரம் அடிக்கிறது, எவன் வீட்டில் முந்தின நாள் சண்டை என்பதெல்லாம் அவன் மைதானத்துக்குள் நடந்து வருவதைப் பார்த்தே சொல்லிவிடுவார். அவித்த கொண்டைக்கடலையும், உப்பும் எலுமிச்சையும் போட்ட தண்ணீர் ஒரு குடமும் எப்போதும் இருக்கும். கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு மகனைத் திட்டுகிற அப்பாக்களுக்கு ஒரு விதி வைத்திருந்தார்: திட்டினால் குடம் தூக்க வேண்டும். கோட்டும் டையுமாக ஓர் அண்டர் செக்ரட்டரி, குழாயடியிலிருந்து குடத்தைத் தோளில் வைத்துத் தள்ளாடி வந்த காட்சியை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். என் சர்க்கார் உத்தியோகத்தில் அதைவிட மன நிறைவான நாள் இன்னொன்று வரவில்லை.

கிளப்பின் சட்டப் புத்தகம் முழுவதும் ஒரு ஸ்லேட்டில் அடங்கிவிடும். உண்மையாகவே ஸ்லேட்தான், குழந்தைகள் எழுதிப் பழகுகிற, மரச்சட்டம் போட்ட ஸ்லேட். ஆட்டத்தன்று மைதானத்துக்கு வருகிற பையன் தன் பெயரை அதில் எழுத வேண்டும். டில்லியில் பிறந்தவர்கள் இந்தியில் எழுதுவார்கள், சிலர் இங்கிலீஷில், ஊரிலிருந்து புதிதாக வந்தவன் தமிழில். முதலில் எழுதிய பதினொரு பேர் முதல் பாதி ஆடுவார்கள். மற்ற எல்லாரும் இரண்டாம் பாதியில் இறங்குவார்கள். நன்றாக ஆடுகிறவன், ஆடாதவன் என்ற பேச்சே கிடையாது. கேட்டால், "வந்தவன் ஆடுவான், அவ்வளவுதான்" என்பார் சிஸ்டர். அந்தப் போட்டிகளில் இடைவேளையின்போது எத்தனை பேரை வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால் நடுவர்களாலும் எங்களை ஒன்றும் செய்ய முடியவில்லை. தலையில் மட்டும் அடித்துக்கொண்டார்கள். முதல் பாதியில் மூன்று கோல் போட்டு முன்னணியில் இருப்போம். இரண்டாம் பாதியில் நான்கு வாங்கிக்கொண்டு, கொண்டைக்கடலை தின்றுவிட்டு, சிரித்தபடி வீட்டுக்குப் போவோம். கரோல் பாக் பக்கத்து டீம்காரர்கள் எங்களுக்கு 'லங்கர் எலெவன்' என்று பெயர் வைத்தார்கள். குருத்வாராவில் வந்தவனுக்கெல்லாம் சாப்பாடு போடுவார்களே, அந்த லங்கர். நாங்கள் மைதானத்துக்குள் நுழைந்தாலே, லங்கர்காரர்கள் வந்தாச்சு என்று இந்தியில், "ஆகயே, லங்கர்வாலே ஆகயே!" என்று கூவுவார்கள். சிஸ்டருக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்திருந்தது. எனக்குத்தான் உடம்பெல்லாம் எரியும். ஒரு முறைகூடப் பந்தை உதைக்காதவனுக்கு இருக்கிற ரோஷம் உதைக்கிறவனுக்கு இருப்பதில்லை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அது குவார்ட்டர்ஸ் வாசிகளுக்கு மட்டுமே புரியும். எங்கள் பையன்கள் யாரும் நிரந்தரம் இல்லை. ஒரு நாள் அப்பா ஒரு காகிதத்தோடு வீட்டுக்கு வருவார். அடுத்த மாதம் வேறு ஊர், வேறு பள்ளிக்கூடம், வேறு பாஷை. ஆகவே, அப்பாவுக்கு மாற்றல் வந்த பையன், டில்லியை விட்டுப் போவதற்கு முன் ஆடுகிற கடைசி ஆட்டத்தில் அவன்தான் கேப்டன். அவனுக்கு மட்டும் ஸ்லேட் கணக்குக் கிடையாது. இரண்டு பாதியும் ஆடுவான். ஆட்டத்துக்கு முன் சிஸ்டர் தன் பையிலிருந்து ஒரு பேண்டேஜ் சுருளை எடுப்பார். அதில் மற்றப் பையன்கள் எல்லாரும் மையால் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அதை அவன் கையில், முழங்கைக்கு மேல், காயத்துக்குக் கட்டுவது போல அத்தனை அக்கறையாகச் சுற்றிக் கட்டுவார். ஆட்டம் முடிந்ததும் கட்டை அவிழ்க்காமலே அவன் வீட்டுக்குப் போவான். ரயில் ஏறும்போதும் அதைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்த பையன்கள் உண்டு.

குவார்ட்டர்ஸில் யாருக்கும் சொந்தப் பெயர் நிலைப்பதில்லை. அப்பாவின் உத்தியோகம்தான் பெயர். அக்கவுண்டன்ட் மகன், டிரைவர் மகன், அண்டர் செக்ரட்டரி மகன். இவர்களில் ஸ்டெனோ மகன் என்று ஒருவன் இருந்தான். பதின்மூன்று வயது, ஒல்லி, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றால் கட்டியிருப்பான். மூன்று வருடமாக கிளப்பில் இருந்தான். பந்து எங்கே இல்லையோ அங்கே அவன் இருப்பான். அதில் ஒரு மேதைமையே இருந்தது. இருபது பேர் பந்தைத் துரத்த, அவன் மட்டும் அது இனி வரவே வராத ஓர் இடத்தில், மிகுந்த கவனத்தோடு, தயாராக நிற்பான். ஆனால் ஒரு ஞாயிறு தவறியதில்லை. அவன் அப்பா ஏதோ அமைச்சகத்தில் ஸ்டெனோகிராஃபர். எலும்பும் தோலுமான, சாதுவான மனிதர். சட்டைப் பையில் சுருக்கெழுத்து நோட்டும் கூர் சீவிய பென்சிலும் எப்போதும் இருக்கும். காதில் விழுந்ததை எழுதாமல் அவரால் இருக்க முடியாது. மளிகைக் கடையில் கடைக்காரன் சொல்கிற கணக்கைக்கூட எழுதிக்கொண்டு, அவனுக்கே திருப்பிப் படித்துக் காட்டி, "கரெக்டா?" என்று கேட்பார். என்னைவிடச் சம்பளத்திலும் வயதிலும் பெரியவர். ஆனாலும் கிளப் செயலாளர் என்பதால் என்னை 'சார்' என்பார். அப்படிக் கூப்பிட டில்லி முழுவதிலும் எனக்கு வேறு ஆள் இல்லை.

ஒரு ஜனவரி மாலை ஸ்டெனோ மகன் மைதானத்துக்குத் தலைதெறிக்க ஓடி வந்தான். "சிஸ்டர் ஆன்ட்டி! அப்பாக்கு ட்ரான்ஸ்ஃபர் ஆயாச்சு! நாக்பூர்!" அப்படி ஒரு சந்தோஷம் முகத்தில். அங்கே வீட்டில் அவன் அம்மா அழுதுகொண்டிருந்தாள் என்று பிறகு தெரிந்தது. மாற்றல் உத்தரவைக் கேட்டுக் குதித்த பையன் இந்திய சர்க்கார் வரலாற்றிலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான். மூன்று வருடமாக அவன் காத்திருந்தது இதற்குத்தான். கேப்டன் ஆவதற்கு அவனுக்கு இருந்த ஒரே வழி அது.

சோதனையாக, அந்த வருடம் நாங்கள் காலனிகளுக்கிடையிலான போட்டியில் இறுதி ஆட்டத்துக்கு வந்து தொலைத்தோம். திறமையால் அல்ல. ஒரு டீம் வரவே இல்லை. இன்னொரு டீமோடு ஆடிய அன்று மூடுபனி. கோல் விழுந்ததா என்று நடுவருக்கே தெரியவில்லை, எங்கள் பையன்கள் போட்ட சத்தத்தில் விழுந்ததாக முடிவு செய்தார். அரையிறுதியில் எதிரணிப் பையன் ஒருவன் தன் கோலிலேயே போட்டுக்கொண்டான். இறுதி ஆட்டம் எங்கள் மைதானத்திலேயே, எங்களை லங்கர் என்று கூவுகிற அதே கரோல் பாக் பக்கத்து டீமோடு. அதே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் ஸ்டெனோ குடும்பத்துக்கு நாக்பூருக்கு ரயில். ஆக, இறுதி ஆட்டத்துக்கு எங்கள் கேப்டன் ஸ்டெனோ மகன். இரண்டு பாதியும் ஆடுவான். அதாவது இரண்டு பாதியும் நாங்கள் பத்துப் பேர். நான் சிஸ்டரிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "சிஸ்டர், ஃபைனல்ஸ். இந்த ஒரு தடவை..." அவர் கொண்டைக்கடலைப் பாத்திரத்திலிருந்து நிமிரவே இல்லை. "கப்பு எங்கயும் போவாது தம்பி, அடுத்த வருசமும் இங்கனதான் இருக்கும். பிள்ளைதான் போயிருவான்" என்றார்.

ஆட்ட நேரத்தைப் போட்டி நடத்துகிறவர்கள் சனிக்கிழமை மத்தியானம்தான் முடிவு செய்தார்கள்: மறுநாள் பிற்பகல் இரண்டு மணி. வீடு வீடாகப் போய் நேரத்தைச் சொல்வது செயலாளர் வேலை. எல்லா வீட்டுக்கும் போய் இரண்டு மணி என்று சொன்னேன். ஸ்டெனோ வீடு கடைசி. அவர்கள் மட்டும் பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் குடியிருந்தார்கள். பையன் பள்ளியில் டி.சி.யும் வாங்கியாகிவிட்டதால் மற்றவர்களைப் பார்க்க வழி இல்லை. படிக்கட்டு ஏறும்வரை என் மனதில் ஒன்றும் இல்லை என்று சத்தியம் செய்வேன். ஆனால் என் சத்தியத்தின் தரம் கோப்பையின் தரம்தான். உள்ளே ட்ரங்குப் பெட்டிகளும், சாக்கில் வைத்துத் தைத்த பாத்திர மூட்டைகளும். நடுவில் பையன் உட்கார்ந்து தன் கேன்வாஸ் ஷூவுக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "அங்கிள், டாஸ் போடறப்போ கேப்டன் ஹெட் சொல்லணுமா, டெயில் சொல்லணுமா?" என்று கேட்டான். ஹெட் சொல்லு என்றேன். அந்தக் கேள்விக்கு மட்டும் யோக்கியமாகப் பதில் சொன்னேன். பிறகு அவன் அப்பாவைப் பார்த்து, "நாளைக்கு மூணரை மணிக்கு" என்றேன்.

ஸ்டெனோ நோட்டை எடுத்தார். கோழி கிளறியது போல இரண்டு கோடு, ஒரு சுழி. பிறகு வழக்கப்படி திருப்பிப் படித்தார். "சண்டே. த்ரீ தர்ட்டி. நம்ம கிரவுண்ட். கரெக்டா சார்?"

"கரெக்ட்" என்றேன். படி இறங்கும்போது விசிலடித்துக்கொண்டு இறங்கியதாக ஞாபகம்.

மறுநாள் சிஸ்டர் காலை டியூட்டி முடித்து நேராக மைதானத்துக்கு வந்தார். ஸ்லேட்டை எடுத்து, முதல் வரியில் ஸ்டெனோ மகன் பெயரைத் தானே எழுதினார். கையெழுத்துப் போட்ட பேண்டேஜ் சுருள் கையில் தயாராக இருந்தது. இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. அவர் சாலைப் பக்கம் பார்த்தார், மார்பில் குத்தியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி சாலையைப் பார்த்தார்.

"ஸ்டெனோ மகனை எங்க தம்பி?"

"மூட்டை கட்டிட்டிருப்பாங்க சிஸ்டர். சாயங்காலம் ரயில் இல்லியா."

"அவன் வராம இருக்க மாட்டான்."

நடுவர் ஐந்து நிமிடம் பொறுத்தார். அதற்கு மேல் விசில் ஊதிவிட்டார். வேறொரு பையன் ஓடிப்போய் டாஸ் போட்டான்.

நாங்கள் ஜெயித்தோம். ஒன்றுக்கு பூஜ்யம். அந்த ஒரு கோலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டாம் பாதியில், ஸ்லேட்டின் கடைசி வரிப் பையன் ஒருவன், ஸ்டெனோ மகனுக்குக் கொஞ்சமும் சளைக்காத ஆட்டக்காரன், எதிரணி கோலுக்கு முன்னால் நின்று அவிழ்ந்த ஷூ லேஸைக் கட்டக் குனிந்திருந்தான். யாரோ உதைத்த பந்து அவன் முதுகில் பட்டு உள்ளே போய்விட்டது. ஆட்டம் முடிந்து எல்லாரும் அவனைத் தூக்கும்வரை அவனுக்கு விஷயமே தெரியாது. கோல் அப்படித்தான் விழுமென்றால், ஸ்டெனோ மகன் முதுகில் பட்டிருந்தால் விழாதா? நான் எதைக் காப்பாற்றினேன்? அந்தக் கேள்வியை அப்போது கேட்டுக்கொள்ள எனக்கு நேரமில்லை; கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றேகால் மணிக்கு அவர்கள் வந்தார்கள். சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்பாகவே. பையன் தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தான். ஷூ இரண்டும் சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெளுத்திருந்தது. மைதானத்தில் நடந்த கூத்தைப் பார்த்துவிட்டு, ஆட்டத்துக்கு முந்தின ஆரவாரம் என்று நினைத்து அவனும் சிரித்துக்கொண்டே ஓடி வந்தான். டிரைவர் மகன்தான் முதலில் பார்த்தது. "அரே யார், எங்கடா போய்ட்டே? மேட்ச் கதம் ஹோ கயா, முடிஞ்சு போச்சு!" பையன் நின்றான். திரும்பி அப்பாவைப் பார்த்தான்.

ஸ்டெனோ சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்துப் புரட்டினார். அந்தப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோப்பையோடு நான்கு அடி தள்ளி நின்றிருந்தேன். கோபமே இல்லாத பார்வை அது. டிக்டேஷனின் நடுவில் வார்த்தை கிடைக்காமல் நிற்கிற அதிகாரியை, பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி, அடுத்த சொல்லுக்காகப் பார்ப்பார்களே, அப்படி. ஒரே ஒரு சொல் நான் சொல்லியிருக்கலாம். அவர் காத்திருந்தார். நான் சொல்லவில்லை. அப்போது அவர், இருபது வருடம் அமைச்சகத்தில் பழகியபடி, அதிகாரி விட்ட வாக்கியத்தைத் தானே முடித்துக் கொடுத்தார். ஆபீஸில் அதுதானே வழக்கம்? துரை தப்பாகச் சொன்னால் ஸ்டெனோ தப்பாக எழுதினதாக அர்த்தம்.

"என் மிஸ்டேக் சிஸ்டர். டூ ஓ க்ளாக்னுதான் சார் சொல்லியிருப்பார். நான் த்ரீ தர்ட்டின்னு எழுதிட்டேன்" என்றார். பிறகு மகனிடம், எல்லார் முன்னாலும், "அப்பாதான் தப்பா எழுதிட்டேன்டா" என்றார்.

சிஸ்டர் பையன் பக்கத்தில் வந்து அவன் கையைப் பிடித்து, பேண்டேஜ் சுருளைப் பிரித்தார். அவன் கையை மெதுவாக இழுத்துக்கொண்டான். "ஆடினாத்தானே ஆன்ட்டி கட்டணும்" என்றான். அழவில்லை. ரொம்ப நியாயமான விஷயத்தை அவருக்கு ஞாபகப்படுத்துவது போலச் சொன்னான். அவர்களுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டிருந்தது. அப்பாவும் மகனும் சாலையைக் கடந்து போவதை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் மைதானத்தில் ஓடாததால் வெள்ளை ஷூவில் ஒரு பொட்டு மண்கூட இல்லை.

அன்று குடத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சிஸ்டர் என்னிடம் கேட்டார்: "நீங்க நேரத்தைச் சரியாத்தான சொன்னிய தம்பி?"

எனக்கு எப்போதும் ஒரு வேடிக்கைப் பேச்சு கைவசம் இருக்கும். "சிஸ்டர், நான் சர்க்கார் குமாஸ்தா. எனக்கு நேரத்துக்கு வரத்தான் தெரியாது, நேரம் சொல்லத் தெரியும்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். நம்பிவிட்டார். மனுஷன் வாயால் சொல்லக்கூடிய பொய்களில் சிரிக்க வைக்கிற பொய்தான் ஈனமானது என்று இப்போது தோன்றுகிறது. அழுகிறவனிடம் திருப்பிக் கேட்பார்கள். சிரிக்க வைத்தவனை யாரும் இரண்டாம் தரம் கேட்பதில்லை.

கோப்பை வந்த பிறகு கிளப்புக்கு மவுசு வந்தது. அதுவரை எட்டிப் பார்க்காத பெரிய மனிதர்கள் கமிட்டிக்கு வந்தார்கள். ஜெயிக்கிற டீமுக்கு ஸ்லேட் எதற்கு என்றார்கள். பயிற்சியாளர் ஒருவரை நியமித்தார்கள். ஆட்டத்துக்கு முந்தின நாள் மாலையே பதினொரு பெயர் கொண்ட பட்டியல் டைப் அடித்து ஒட்டப்பட்டது. டைப் அடித்தது நான்தான். ஸ்லேட் முறையை எடுத்துவிடுவதென்று தீர்மானம் போட்ட கூட்டத்துக்கு சிஸ்டர் வரவில்லை; நைட் டியூட்டி. 'ஏகமனதாக நிறைவேறியது' என்று குறிப்பு எழுதினேன். அடுத்த ஞாயிறு அவர் வந்து, பட்டியலில் இல்லாத ஒன்பது பையன்கள் கோட்டுக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்திருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர்களுக்குக் கொண்டைக்கடலை கொடுத்தார். ஸ்லேட்டை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். குடத்தை மட்டும் விட்டுவிட்டுப் போனார். உட்கார்ந்திருந்தவர்கள் அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை. பிறகு ஆடிக்கொண்டிருந்தவர்களின் அப்பாக்களுக்கும் மாற்றல் வந்தது. ஆடத் தெரிந்த பதினொரு பேர் போய்விட்டால் மிச்சம் யார்? எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த இடத்தில் கார்கள் நிற்க ஆரம்பித்தன. கோப்பை என் அறையிலேயே இருந்தது. யாரும் வந்து கேட்கவில்லை.

போன வருடம் ஒரு கல்யாணத்துக்காகத் திருநெல்வேலி போனபோது பாளையங்கோட்டையில் சிஸ்டர் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தேன். எண்பதைத் தாண்டிவிட்டார். என்னைப் பார்த்ததும், "மூக்கு சரியாயிட்டா தம்பி?" என்றார். சிரித்தோம். பழைய கதைகள் பேசினோம். காபி வந்தது. காபியைக் கீழே வைத்துவிட்டு, வழக்கம்போல வேடிக்கையாக ஆரம்பித்து, பாதியில் அது வேடிக்கையாக இல்லாமல் போய், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூணரை என்று சொன்னது நான்தான்.

அவர் எழுந்து உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். அதில் ஒரு கட்டுக் கடிதங்கள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நாக்பூரிலிருந்து ஸ்டெனோ எழுதியவை. அச்சடித்தது போன்ற கையெழுத்து. வாழ்த்து, குடும்ப நலம், பிறகு எல்லாக் கடிதத்திலும் கடைசியில் ஒரே வரி: 'அன்று நேரத்தைத் தவறாகக் குறித்துக்கொண்டமைக்கு மீண்டும் வருந்துகிறேன்.' வருடாவருடம். எனக்காக ஆரம்பித்த பொய்யைத் தொடர்ந்து எழுதி எழுதி அவரே நம்பிவிட்டாரா, இல்லை, ஒருமுறை ஒப்புக்கொண்டதை மாற்றக்கூடாது என்ற ஆபீஸ் பழக்கமா? தெரியவில்லை. கேட்கவும் முடியாது. மேலாக இருந்த கடிதம் மகன் எழுதியது. அப்பா இறந்துபோன செய்தி.

"ஒவ்வொரு தடவையும் நான் என்ன பதில் எழுதினேன் தெரியுமா?" என்றார் சிஸ்டர். "மன்னிச்சிட்டேன், மனசுல வச்சுக்காதீங்கன்னு எழுதினேன். அந்த மனுசனை. நான். மன்னிச்சேன்."

டின்னின் அடியிலிருந்து பேண்டேஜ் சுருளை எடுத்தார். டீ நிறத்துக்கு மங்கியிருந்தது. பிரித்தால் உள்ளே இந்தியிலும் இங்கிலீஷிலும் தமிழிலும் பையன்களின் கையெழுத்துகள், ஊதா மை. ஓரத்தில் என் கையெழுத்தும் இருந்தது, 'செயலாளர்' என்று பதவியோடு. அதை என் கையில் வைத்தார். நாக்பூர் டெலிபோன் நம்பரையும் எழுதித் தந்தார். "எங்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? போங்க" என்றார். வாசல்வரை வரவில்லை.

டில்லி திரும்பி மூன்று வாரம் ஆகியும் நம்பரைத் தொடவில்லை. சாவிகளை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு, கோப்பைக்குள் பேண்டேஜ் சுருளை வைத்தேன். வெள்ளியும் அல்லாத, பித்தளையும் அல்லாத அந்தச் சாமானில், என் வீட்டுக்குள் வந்து சேர்ந்ததிலிருந்து முதன்முறையாக ஒரு மதிப்புள்ள பொருள் இருந்தது. தினமும் அதற்கு எதிரே உட்கார்ந்து, எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தேன். அவனுக்கு இப்போது வயது அறுபதை நெருங்கும். பேரன்கூட இருக்கலாம். முதலில் சிரிக்க வைக்க வேண்டும் என்று நினைத்தேன். உடனே அந்த எண்ணத்துக்காக வெட்கப்பட்டேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், இரண்டு மணிக்கு, போன் செய்தேன்.

யாரென்று சொன்னதும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. சிஸ்டர் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தான். குரலில் அவன் அப்பாவின் சாதுத்தனம். நான் சொல்ல ஆரம்பித்தேன். படிக்கட்டில் ஏறியது, ஷூவுக்கு வெள்ளை பூசியது, டாஸ், நோட்டில் போட்ட சுழி, 'கரெக்டா சார்' என்று அவர் கேட்டது, 'கரெக்ட்' என்று நான் சொன்னது. ஒரு வேடிக்கைகூட வரவில்லை. அந்தப் பக்கம் குக்கர் ஒருமுறை விசிலடித்து அடங்கியது. அவன் ஒரு 'ம்'கூடக் கொட்டவில்லை. சொல்லி முடித்தேன். கோப்பையிலிருந்து சுருளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "உன்னோட கட்டு எங்கிட்டதான் இருக்கு, எந்த விலாசத்துக்கு அனுப்பட்டும்?" என்று கேட்டேன்.

"எங்கப்பா தப்பா எழுத மாட்டார்னு எனக்கு அன்னிக்கே தெரியும், அங்கிள்."